வெளிநாட்டு ஸ்டேடியத்தில் கான்சர்ட்: டிக்கெட்டிலிருந்து கடைசி ரயில்வரை

2024 ஆகஸ்ட்டில் வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஹாப்பெல் ஸ்டேடியத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் 8, 9, 10 என்று மூன்று இரவுகள் பாட இருந்தார். ஏழாம் தேதி மாலை, தாக்குதல் சதி அம்பலமானதால் மூன்றும் ரத்து. அதற்குள் பல நாடுகளிலிருந்து ரசிகர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். டிக்கெட் பணம் திரும்பி வந்தது. விமானத்துக்கும் ஓட்டலுக்கும் கொடுத்த பணம் வேறு கணக்கு. அதற்கு நிகழ்ச்சி நடத்துபவர் பொறுப்பேற்பதில்லை, பெரும்பாலும் எந்த ஊரிலும்.

இப்படி ரத்தாவது அபூர்வம். ஆனால் டிக்கெட் கிடைக்காமல் போவது, விசா இழுத்தடிப்பது, தேதி தள்ளிப்போவது எல்லாம் அடிக்கடி நடப்பவை. அதனால் ஒவ்வொரு முறை கார்டை எடுக்கும்போதும் ஒரே கேள்வி: இந்தப் பணம் எந்தத் தேதிவரை திரும்பக் கிடைக்கும்? திரும்பக் கிடைக்கும் செலவுகளை முதலில் செய்யுங்கள், கிடைக்காதவற்றைக் கடைசியில். வரிசை இப்படி அமைய வேண்டும்: இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஓட்டல், கான்சர்ட் டிக்கெட், விசா, அதன் பிறகு விமானம். விசா தேவையில்லாத பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு டிக்கெட்டுக்கு அடுத்ததே விமானம். ஓட்டலை முதலில் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். சுற்றுப்பயணத் தேதிகள் வெளியான சில மணி நேரத்திலேயே அந்த ஊர் அறை வாடகை ஏறத் தொடங்கிவிடும். டிக்கெட் கிடைத்த பிறகு தேடினால் மிச்சம் மீதிதான்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது

பெரிய சுற்றுப்பயணம் பத்து இருபது ஊர்களுக்குப் போகும். பலரும் பக்கத்தில் இருக்கும் ஊரையோ, ஆசைப்பட்ட ஊரையோ பிடித்துக்கொள்கிறார்கள். அதைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அந்த நாட்டு விசா உங்களுக்கு எத்தனை நாளில் கிடைக்கும், அங்கே எத்தனை இரவுகள் நடக்கின்றன, அந்த நாட்டு டிக்கெட் தளம் வெளிநாட்டுக் கார்டையும் வெளிநாட்டு போன் எண்ணையும் ஏற்குமா.

ஒரே இரவு நடக்கும் ஊரைவிட நான்கு இரவு நடக்கும் ஊரில் வாய்ப்பு அதிகம். வார நாட்களில் போட்டி சற்றுக் குறைவு. முதல் தேதிகள் விற்றுத் தீர்ந்த சூட்டோடு கூடுதல் தேதிகளை அறிவிப்பதும் வழக்கம். ஆகவே முதல் நாள் கிடைக்கவில்லை என்று உடனே மறுவிற்பனைக்கு ஓட வேண்டாம்.

டிக்கெட் தளம் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல இருக்காது. டிக்கெட்மாஸ்டர் பல நாடுகளில் இருந்தாலும் ஒரு நாட்டுத் தளத்தில் திறந்த கணக்கு இன்னொரு நாட்டில் செல்லாமல் போகலாம். ஜெர்மனியில் ஈவென்டிம், ஆஸ்திரேலியாவில் டிக்கெடெக், ஜப்பானில் டிக்கெட் பியா, லாசன் டிக்கெட், ஈபிளஸ். ஜப்பானில் பெரிய நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் குலுக்கல் முறைதான்: விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். பல விற்பனைகளில் ஜப்பானிய மொபைல் எண்ணுக்கு வரும் சரிபார்ப்பு இல்லாமல் கணக்கே திறக்காது. வெளிநாட்டு ரசிகர்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அந்த ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊரைப் பார்ப்பதே நல்லது. தென்கொரியாவிலும் உள்நாட்டுத் தளம் உள்நாட்டு அடையாளச் சரிபார்ப்பைக் கேட்கும், வெளிநாட்டவருக்குத் தனித் தளம் உண்டு. அங்கே டிக்கெட் வாங்கும் இடத்தில் பாஸ்போர்ட் கேட்பார்கள் என்பதால் கணக்கில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா, விரித்து எழுதியிருக்கிறதா என்பதையெல்லாம் அன்றே பாருங்கள்.

முன்விற்பனை

பொது விற்பனை நாளில் கடைக்குள் போகும்போது பாதிச் சரக்கு போயிருக்கும். அதற்கு முன்பே பல அடுக்கு முன்விற்பனைகள் நடந்து முடிந்திருக்கும்: கலைஞரின் மின்னஞ்சல் பட்டியலில் பதிந்தவர்களுக்கு, ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு, குறிப்பிட்ட வங்கி அல்லது கார்டு வைத்திருப்பவர்களுக்கு, அரங்கத்தின் உறுப்பினர்களுக்கு. இவற்றில் மின்னஞ்சல் பதிவு இலவசம், ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்குக் கடைசித் தேதி உண்டு, விற்பனைக்குச் சில நாட்கள் முன்பே மூடிவிடுவார்கள். ரசிகர் மன்றத்துக்குக் கட்டணம் இருந்தால், எந்தத் தேதிக்குள் சேர்ந்தவர்களுக்கு அந்த முன்விற்பனை உரிமை என்று படித்துவிட்டுக் கட்டுங்கள். அறிவிப்புக்குப் பிறகு சேர்ந்தவர்களைச் சேர்க்காத மன்றங்கள் உண்டு.

கார்டு முன்விற்பனையில் ஒரு சிக்கல். விளம்பரத்தில் கார்டு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே போனால் குறிப்பிட்ட நாட்டில் வழங்கப்பட்ட கார்டு மட்டுமே செல்லும் என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். பல தளங்கள் கார்டின் முதல் ஆறு இலக்கங்களைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கின்றன. பணம் கட்டும் பக்கம்வரை போய் நிராகரிக்கப்படுவதைவிட முதல் நாளே விதிமுறையைப் படித்துவிடலாம்.

முன்விற்பனைக் குறியீடு கையில் இருந்தால் டிக்கெட் உறுதி என்று நினைக்க வேண்டாம். வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு 35 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். முன்விற்பனையின் முதல் நாளில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது, தளம் திணறியது, கடைசியில் பொது விற்பனையே ரத்தானது.

விற்பனை நாள்

முதலில் மணி. அறிவிப்பில் இருப்பது பெரும்பாலும் நிகழ்ச்சி நடக்கும் ஊரின் மணி. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். அமெரிக்காவில் அதுவே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். லண்டனில் காலை 10 மணி என்றால் மார்ச் கடைசி ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று உலகப் பொது நேரமும் 10. அடுத்த வெள்ளியன்று 9. கோடை நேரம் இல்லாத நாட்டில் இருப்பவர் போன முறை கணக்கிட்ட இடைவெளியையே வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் பிந்திப் போய் நிற்பார். போனின் உலகக் கடிகாரத்தில் அந்த ஊரைச் சேர்த்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

பெரிய விற்பனைகளில் பெரும்பாலும் இரண்டு கட்டம் இருக்கும். முதலில் காத்திருப்பு அறை. விற்பனை தொடங்கும் நொடியில் அந்த அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் குலுக்கல் முறையில் வரிசை எண் கிடைக்கும். அதற்குப் பிறகு வருபவர்கள் வாலில் சேர்வார்கள். ஆகவே விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதால் பயனில்லை. 15 நிமிடம் முன்னால் வந்தால் போதும், ஒரு நிமிடம் பிந்தினால் போச்சு. எண் வந்த பிறகு பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள். ஒரே கணக்கை ஐந்து டேப்பில் திறந்தால் தளம் உங்களை இயந்திரம் என்று நினைத்து வெளியே தள்ளலாம். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன்னையும் அணைத்து வையுங்கள். வாய்ப்பைக் கூட்ட நேர்மையான வழி ஒன்றுதான்: சேர்ந்து போகும் நண்பர்கள் தத்தம் கணக்கில், தத்தம் கருவியில், தத்தம் இணையத்தில் காத்திருப்பது. யாருக்கு முதலில் எண் வருகிறதோ அவர் எல்லோருக்கும் எடுக்கலாம். ஒருவருக்கு இத்தனை டிக்கெட் என்ற வரம்பை மட்டும் பாருங்கள். ஒரே கார்டில் இரண்டு கணக்கு வழியாக வரம்பைத் தாண்டினால் பிறகு ஆர்டரையே ரத்து செய்துவிடுவார்கள்.

உள்ளே போவதற்கு முன் மூன்று முடிவுகள் காகிதத்தில் இருக்க வேண்டும்: எந்தெந்தத் தேதி பரவாயில்லை, எந்தெந்தப் பகுதி பரவாயில்லை, கட்டணங்கள் உட்பட தலைக்கு அதிகபட்சம் எவ்வளவு. அந்தப் பதற்றத்தில் யோசிக்க நேரம் இருக்காது. 2024 ஆகஸ்ட் 31 அன்று ஒயாசிஸ் இசைக்குழுவின் பிரிட்டன் டிக்கெட் விற்பனையில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று உள்ளே போனவர்கள், சுமார் 150 பவுண்டு என்று நினைத்த நிற்கும் இடத்துக்கு 350 பவுண்டுக்கு மேல் விலையைப் பார்த்தார்கள். இத்தனை நேரம் நின்றோமே என்று கட்டியவர்கள் பலர். அந்நாட்டின் போட்டி ஆணையம் பிறகு இதை விசாரித்தது. நிற்கும் டிக்கெட் இரண்டு விலையில் விற்கப்படுவதை ரசிகர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்றும், பிளாட்டினம் என்ற பெயரில் விற்ற சில டிக்கெட்டுகள் அதே பகுதியின் சாதாரண டிக்கெட்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு விலை, ஆனால் கூடுதல் வசதி எதுவும் இல்லை என்றும் சொன்னது. ஆகவே பிளாட்டினம் என்ற சொல்லைக் கண்டால் முன்வரிசை என்று பொருள் கொள்ளாதீர்கள். விஐபி பேக்கேஜ் வேறு. அதில் முன்கூட்டி நுழைவு, பரிசுப்பை என்று எழுதியிருக்கும். அதிலும் இருக்கை எங்கே என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

அமெரிக்காவில் 2025 மே முதல் எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலையையே முதலில் காட்ட வேண்டும் என்பது விதி. அப்படி விதி இல்லாத இடங்களில் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் வந்து சேரும் என்பதை மனக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறிவைத்து அழுத்தினால், அதே நொடியில் நூறு பேர் அதையே அழுத்துவார்கள். வேறொருவர் எடுத்துவிட்டார் என்ற செய்தியே திரும்பத் திரும்ப வரும். பகுதியையும் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு, கிடைப்பதில் நல்லதைத் தளமே தரும்படி கேட்பது வேகமானது. நான்கு இடம் சேர்ந்து கிடைக்காவிட்டால் இரண்டிரண்டாகத் தேடுங்கள். ஒற்றை இருக்கைகள் எப்போதும் கடைசிவரை மிஞ்சும். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய வரம்.

டிக்கெட் கூடைக்கு வந்த பிறகு கடிகாரம் ஓடும், சில நிமிடங்கள்தான். இங்கேதான் வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் அதிகம் தோற்கிறார்கள். காரணங்கள் பழையவை: கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும், ஒரு நாள் வரம்பு போதாது, ஓடிபி வரும் சிம் வேறு போனில் இருக்கும், முகவரிக் கட்டத்தில் அந்த நாட்டு அஞ்சல் குறியீட்டின் வடிவத்தைக் கேட்கும். முதல் நாளே வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையைத் திறந்து, மதிப்பிட்ட தொகைக்கு மேல் கால் பங்கு கூட்டி வரம்பை வையுங்கள். வேறு வங்கியின், வேறு நெட்வொர்க்கின் இரண்டாவது கார்டும் கணக்கில் பதிந்திருக்கட்டும். உங்கள் நாணயத்தில் கட்டலாமா என்று பக்கம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள். உங்கள் நாணயத்துக்கு அந்தப் பக்கம் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கி தருவதைவிட மோசம். பணம் போய் டிக்கெட் வராததுபோல் தெரிந்தால் உடனே மறுபடி கட்டாமல், கணக்கில் ஆர்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள். தோற்ற முயற்சிக்காக வங்கி பிடித்துவைத்த தொகை பொதுவாகச் சில நாட்களில் விடுபடும்.

எங்கே உட்காருவது

ஸ்டேடியம் கான்சர்ட்டில் தரைப்பகுதி எல்லாவற்றிலும் சிறந்தது என்ற நம்பிக்கை பலருக்கு. மேடையை ஒட்டிய முதல் சில மீட்டர்களுக்கு அது உண்மை. அதற்குப் பின்னால் தரை சமதளம். முன்னால் நிற்பவரின் தலையும் அவர் தூக்கிப் பிடித்த போனும்தான் காட்சி. உயரம் குறைந்தவர்கள், நீண்ட பயணத்துக்கு மறுநாள் வருபவர்கள், அடிக்கடி கழிப்பறை போக வேண்டியவர்கள் தரைப்பகுதியைத் தவிர்ப்பது நல்லது. பிரிட்டனில் பல ஸ்டேடியங்களில் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நிற்கும் பகுதியில் அனுமதியே இல்லை. குழந்தையோடு போகிறவர்கள் அந்த அரங்கின் வயது விதியை வாங்கும் முன்பே படிக்க வேண்டும்.

கொடுத்த காசுக்கு நல்ல இடம் கீழ் அடுக்கின் பக்கவாட்டு. மேடையிலிருந்து மைதான நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, பத்தாவது வரிசைக்கு மேல். சரிவு இருப்பதால் முன்னால் இருப்பவர் மறைப்பதில்லை, மேடையிலிருந்து நீளும் நடைபாதையும் தெரியும். அதற்கு அடுத்ததாக, மேல் அடுக்கின் முதல் வரிசைகள். மேடைக்கு நேர் எதிரே கடைசியில் உட்கார்ந்தால் விளக்குகளும் திரையும் முழுமையாகத் தெரியும், ஆனால் பாடகர் தீக்குச்சி அளவுதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது வந்து சேர 0.3 நொடி ஆகும். திரையில் உதடு முன்னே, காதில் பாட்டு பின்னே. பின்னால் இருப்பவர்களுக்கும் தெளிவாகக் கேட்க மைதான நடுவில் ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தி, மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேரும்படி அவற்றின் ஒலியைத் தாமதப்படுத்துகிறார்கள். அந்தக் கோபுரத்துக்கு நேர் பின்னால் அமரும் வரிசைகளில் பார்வை மறைக்கும். பார்வை மறைப்பு உண்டு என்று எழுதி மலிவாக விற்கும் மேடைப் பக்கவாட்டு இருக்கைகளை ஒதுக்கிவிட வேண்டாம். திரை தெரியாது, ஆனால் பாடகர் மிக அருகில் இருப்பார். பலருக்கு அது நல்ல பேரம்.

மேடையும் கோபுரங்களும் எங்கே நிற்கும் என்பது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் முடிவாகும். அதுவரை நிறுத்திவைத்த இருக்கைகளை அப்போது அதிகாரபூர்வ தளத்திலேயே, சாதாரண விலைக்கே விடுவார்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய நான்கைந்து நாட்கள் தினமும் இரண்டு முறை தளத்தைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இது கைகொடுக்கும்.

மறுவிற்பனை

முதலில் விற்ற தளத்தின் சொந்த மறுவிற்பனைதான் பாதுகாப்பானது: பழைய டிக்கெட்டைச் செல்லாததாக்கிவிட்டு உங்கள் பெயருக்குப் புதிதாகத் தருவார்கள். வெளித் தளங்களில் விற்பவரே டிக்கெட்டைக் கையில் வைத்திருக்காமல் பட்டியலிடுவது உண்டு. விற்பனை தொடங்கும் முன்பே ஒரு இருக்கை அங்கே விலைக்குக் கிடக்கிறதென்றால், அது இன்னும் பிறக்காத குழந்தைக்குப் பெயர் வைத்த கதை. சமூக ஊடகத்தில் ஸ்கிரீன்ஷாட் காட்டி விற்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் 2019 ஜூன் 14 முதல், மறுவிற்பனைக்குத் தடை குறிப்பிட்ட டிக்கெட்டுகளை அச்சிட்ட விலைக்கு மேல் தொழிலாக விற்பது குற்றம்; வாசலில் அடையாள அட்டையையும் பார்ப்பார்கள். அயர்லாந்தில் 2021 சட்டப்படி பெரிய அரங்குகளுக்கான டிக்கெட்டை விலைக்கு மேல் மறுவிற்பனை செய்யக் கூடாது. இப்படிப்பட்ட நாடுகளில் அதிக விலைக்குக் கிடைக்கும் டிக்கெட் வாசலில் செல்லாமல் போகும் ஆபத்து அதிகம்.

நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு நாட்களில் மறுவிற்பனை விலை பெரும்பாலும் சரியும். உள்ளூர்க்காரர் அதை நம்பிக் காத்திருக்கலாம். கடல் தாண்டி வருபவர், கான்சர்ட் இல்லாவிட்டாலும் அந்த ஊரைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியாகத் திரும்புவேன் என்றால் மட்டும் காத்திருக்கலாம்.

விசா, விமானம், ஓட்டல்

டிக்கெட் கையில் வந்ததும் விசா. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாட்களுக்குக் குறையக் கூடாது. முடிவு பொதுவாக 15 நாளில், சிக்கலானால் 45 நாள்வரை. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். பல ஆசிய நாடுகள் ஆறு மாதம் கேட்கும். பிரிட்டனுக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பம் திறக்கும், முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். அமெரிக்காவில்தான் கவனம்: சில தூதரகங்களில் நேர்காணல் தேதிக்கே பல மாதம் காத்திருக்க வேண்டும். அங்கே டிக்கெட் வாங்கும் முன்பே காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். ஷெங்கனிலும் விதிப்படி நாள் இருந்தாலும் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைக்காமல் தவிப்பவர்கள்தான் அதிகம். கோடைக்கால நிகழ்ச்சிக்கு மையத்தின் தேதியை முதலில் பிடியுங்கள். நோக்கம் சுற்றுலா என்று எழுதி, கான்சர்ட் ரசீதைத் துணை ஆவணமாக வைக்கலாம். பணம் திரும்பாத விமான டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை; முன்பதிவு விவரம் போதும்.

விமானத்தில் ஒரே விதி: நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலைக்குள் அந்த ஊரில் இருக்க வேண்டும். நிகழ்ச்சி நாளன்றே மதியம் இறங்கி மாலை கான்சர்ட் என்பது ஒரே ஒரு தாமதத்தில் உடையும் திட்டம். இணைப்பு விமானம் என்றால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக மலிவாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். திரும்புவதை மறுநாள் மாலைக்கு வையுங்கள்.

ஊர்ப்பெயரை நம்பி விமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நியூயார்க் கான்சர்ட் என்று சொல்லும் மெட்லைஃப் ஸ்டேடியம் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் இருக்கிறது. நெவார்க் விமான நிலையம் அதற்கு நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தைவிடப் பக்கம். பாரிஸின் ஸ்டாட் டி பிரான்ஸ் நகருக்கு வடக்கே செயின்ட் டெனியில். லண்டனைச் சுற்றி மட்டும் ஆறு விமான நிலையங்கள்.

ஓட்டலும் ஸ்டேடியத்தின் வாசலில் வேண்டாம். விலை அதிகம், மறுநாள் ஊரைப் பார்க்கவும் தூரம். ஸ்டேடிய நிலையத்திலிருந்து மாறாமல் ஒரே ரயிலில் போகும் தூரத்தில், நிலையத்துக்கு நடக்கும் தொலைவில் எடுங்கள். லண்டனின் வெம்ப்லி ஸ்டேடியத்துக்கு மெட்ரோவின் ஜூபிலி பாதை, ஸ்டாட் டி பிரான்ஸுக்கு ஆர்இஆர் புறநகர் ரயிலின் பி அல்லது டி பாதை, சிங்கப்பூர் தேசிய ஸ்டேடியத்துக்கு சர்க்கிள் பாதை. இலவச ரத்துக்கான கடைசி நாள் ஓட்டல் இருக்கும் ஊரின் மணிப்படி முடியும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

காப்பீட்டை, திரும்பாத முதல் பணத்தைக் கட்டிய அன்றே எடுங்கள். ஆனால் சாதாரணப் பயணக் காப்பீட்டில் கான்சர்ட் ரத்தானது என்பது தானாக ஒரு காரணமாகிவிடாது. காரணமின்றி ரத்து செய்யும் உரிமை தனியாக விற்கப்படும் இடங்களிலும் செலவில் 50 முதல் 75 சதவீதமே பொதுவாகத் திரும்பும்.

போனில் இருக்கும் டிக்கெட்

இப்போது பெரிய அரங்குகளில் பெரும்பாலும் போன் டிக்கெட்தான். டிக்கெட்மாஸ்டரின் சேஃப்டிக்ஸ் போன்றவற்றில் பார்கோடு சில நொடிக்கொருமுறை மாறும்; ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அந்தச் செயலி உங்கள் நாட்டு ஆப் ஸ்டோரில் கிடைக்காமல் போகலாம். அதை வாங்கிய அன்றே நிறுவிப் பாருங்கள், வாசலில் நின்றுகொண்டு அல்ல. எண்பதாயிரம் பேர் கூடும் இடத்தில் நெட்வொர்க் திணறும், ஆகவே ஓட்டலிலிருந்து கிளம்பும் முன்பே டிக்கெட்டைப் போனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். துணைக்கு வருபவருக்கு அவரது டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றிக் கொடுங்கள். ஒரே போனில் நான்கு டிக்கெட் இருந்தால் நால்வரும் ஒன்றாகத்தான் நுழைய வேண்டும். உள்ளூர் டேட்டாவுக்கு இசிம் போட்டாலும் ஓடிபி வரும் சொந்த சிம்மைக் கழற்ற வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் வைக்கக் கூடாது. விமானத்தில் 100 வாட்-மணி (Wh) வரை அனுமதி. 20,000 மில்லி ஆம்பியர் பேங்க் 74 வாட் மணி, தாராளமாகப் போகலாம். சில அரங்குகள் பெரிய பவர் பேங்க்கைத் தடுக்கும் என்பதால் உள்ளே சின்னது ஒன்று போதும்.

அன்று

அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியங்களில் பை கண்ணாடிபோல் தெரிய வேண்டும்: 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 6 அங்குலத் தடிமனுக்குள். தெரியாத பை என்றால் 4.5க்கு 6.5 அங்குலக் கைப்பர்ஸ்தான். பிரிட்டனில் வழக்கமான அளவு ஏ4 தாள். முதுகுப்பையோடு போனால் வைக்கும் இடம் அங்கே இருக்காது, திரும்பி ஓட்டலுக்குத்தான். லென்ஸ் கழற்றும் கேமரா, செல்ஃபி குச்சி, குடை பெரும்பாலும் அனுமதியில்லை. கூரையில்லாத ஸ்டேடியம் என்றால் மடித்து வைக்கும் மழைக்கோட்டு. வெளியே போனால் மறுபடி நுழைய முடியாத அரங்குகளே அதிகம்.

100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடமே பாதுகாப்பான அளவு என்று அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கான்சர்ட் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். இசைக்கென்றே செய்த காதடைப்பான் ஒன்று பாட்டைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும்.

முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை. ஒலிக் கட்டுப்பாடு கடுமையான ஊர்கள் உண்டு: 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் மேடையில் இருக்கும்போதே மைக்கை அணைத்தார்கள். ஆகவே முடியும் மணி பெரும்பாலும் கணிக்கக்கூடியதே. கடைசி ரயிலை முன்பே பார்த்து வைக்கலாம். லண்டனில் இரவு முழுக்க ஓடும் மெட்ரோ வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் ஜூபிலி உட்பட சில பாதைகளில்தான். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டியதும் ரயில் நின்றால் விடியற்காலை ஐந்து மணி அளவில்தான் மறுபடி. செவ்வாய்க்கிழமை கான்சர்ட்டுக்குச் சனிக்கிழமை அட்டவணையைப் பார்த்துவைத்து ஏமாறுபவர்கள் எப்போதும் உண்டு.

ஸ்டேடியத்துக்கு அருகிலிருக்கும் நிலையத்தில் வரிசை ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வரும் அடுத்த நிலையத்தைப் பகல் வெளிச்சத்திலேயே வரைபடத்தில் பார்த்து, ஆஃப்லைனில் சேமித்து வையுங்கள். பயண அட்டையில் திரும்பும் கட்டணத்தைப் போகும்போதே ஏற்றிவிடுங்கள். டாக்ஸி செயலியில் விலை அந்த அரை மணியில் பல மடங்காகும், வண்டியும் தடுப்புகளுக்குள் வராது. கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று நுழையும் முன்பே ஒரு இடத்தைப் பேசி வையுங்கள்: வாசல் எண் வேண்டாம், அந்த வாசலை அடைத்திருப்பார்கள், சாலைக்கு அப்பால், விளக்கு எரியும் கடை முகப்பு நல்லது. போன் செத்துப்போகும் இரவுக்காக, ஓட்டலின் பெயரையும் முகவரியையும் அந்த நாட்டு எழுத்திலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட் நகலோடு சட்டைப்பையில் வையுங்கள்.